ஊதினால் வெளுக்கும் பேய்

ஊரே ஊதிக்கொண்டிருந்தது.

சிகரெட்டை என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணாடிக் குழாயை. உடற்பயிற்சிக் கூடத்துக்கு மேலே இருந்த மாடி ஹாலில் காலை ஏழு மணிக்கே வரிசை தொடங்கிவிடும். அது படிக்கட்டில் இறங்கி, சைக்கிள் ஸ்டாண்டைச் சுற்றி வளைந்து, பக்கத்து மருந்துக்கடை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். மருந்துக்கடைக்காரர் முதல் நாள் கத்தினார். இரண்டாம் நாள் நிற்பவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் விற்றார். மூன்றாம் நாள் கடையைப் பூட்டிவிட்டு அவரும் வரிசையில் நின்றார். படித்தவர் அல்லவா, நிதானமாகத்தான் ஏமாறுவார்.

மாடியில் வீற்றிருந்தவர் புகைவாங்கி மகான். சாம்பல் நிற அங்கி, மார்பை மூடிய தாடி, பாதி திறந்த கண்கள். மற்ற மகான்கள் அருள் கொடுப்பார்கள், இவர் வாங்குவார். பக்தர்களின் நெஞ்சிலிருந்து புகையை வாங்குவார். கூடவே வேறு சிலவற்றையும் வாங்குவார். ஊர்ச் சுவரெல்லாம் அவருடைய சுவரொட்டி: 'நீங்கள் சிகரெட்டை விட்டிருக்கலாம். சிகரெட் உங்களை விட்டதா?'

விஷயம் இதுதான். நீங்கள் போய் உட்கார்ந்ததும் சீடர் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தருவார். பளிங்கு மாதிரித் தெளிந்த தண்ணீர். அதற்குள் குழாயை விட்டு ஊதவேண்டும். "உறிஞ்சாதீங்க, ஊதுங்க" என்று சீடர் நாலு முறை எச்சரிப்பார். நீங்கள் ஊதுவீர்கள். குமிழ் குமிழாக வரும். பத்து எண்ணுவதற்குள் தண்ணீர் மங்கும். இன்னும் கொஞ்சம் ஊதினால் பாலாக வெளுத்துவிடும்.

"பார்!" என்பார் மகான். "உன் நெஞ்சுக்குள்ள குடியிருக்கற புகைப்பேய்!"

பிறகு எழுந்து உங்கள் மார்பில் கைவைத்துக் கயிறு இழுப்பதுபோல இழுப்பார். வாயால் 'புஸ்ஸ்' என்று பஞ்சரான டயரின் சத்தம் வேறு. அடுத்து இன்னொரு டம்ளர். ஊதுவீர்கள். இந்த முறை தண்ணீர் தெளிவாகவே இருக்கும். கூட்டம் கைதட்டும். உங்களுக்கே உங்கள் நுரையீரல்மேல் ஒரு மரியாதை வந்துவிடும்.

ஆனால் பேய் ஒரே அமர்வில் போய்விடாது. போய்விட்டால் மகானின் பாடு என்னாவது? அமர்வுகள் ஏழு. ஒவ்வொன்றுக்கும் காணிக்கை, உங்களுடைய ஒரு மாதச் சிகரெட் செலவு. "எப்படியும் புகையாப் போற காசுதானே" என்பார் சீடர். அது என்னவோ உண்மைதான்.

இந்தக் கூத்தில் வந்து மாட்டிக்கொண்டவர் பிரேக் மாஸ்டர்.

டிரைவிங் ஸ்கூலில் இருபது வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பழகுகிறவர் பக்கத்தில் உட்காருவார். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அவர் உயிரும் ஊரார் உயிரும் அந்த ஒரு பிரேக்கில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. பழக்கதோஷத்தில் வீட்டில் டி.வி. பார்க்கும்போதுகூட, திரையில் கார் வேகமாக வந்தால் சோபாவிலிருந்தபடியே தரையை ஓங்கி மிதிப்பார். கீழ்வீட்டுக்காரர் பலமுறை புகார் செய்திருக்கிறார்.

இப்படிப்பட்ட உத்தியோகத்தில் இருப்பவர் சிகரெட் பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். ஒரு பாடம் முடிந்தால் ஒன்று. லாரிக்குக் கீழே போகாமல் தப்பித்தால் இரண்டு. அப்படி ஊதித் தள்ளிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் மூன்றாம் மாடி ஏறுவதற்குள் நாய் மாதிரி இரைத்து, படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று விட்டதுதான். ஒன்பது மாதம் ஆகிவிட்டது.

தனியாக விட்டார் என்று சொன்னால் அது பொய். அவரை விடவைத்தது சனிக்கிழமைக் கூட்டம். மரச்சாமான் கடையின் மாடியில், விற்காத கட்டில்களுக்கு நடுவே பன்னிரண்டு நாற்காலி போட்டு, சிகரெட்டை விட்டவர்களும் விடப்போகிறவர்களும் வாரம் ஒருமுறை கூடுவார்கள். மந்திரம் கிடையாது, மாத்திரை கிடையாது, டீ மட்டும் உண்டு. அதுவும் சுமாராகத்தான் இருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு கூட்டாளி. கை சிகரெட்டைத் தேடினால், பற்றவைப்பதற்கு முன் கூட்டாளிக்குப் போன் செய்யவேண்டும். சட்டம் அவ்வளவுதான்.

பிரேக் மாஸ்டரின் கூட்டாளி பெயிண்டர் அக்கா. சுவருக்குச் சுண்ணாம்பும் வண்ணமும் அடிக்கிறவர். சாரத்தின் மேல் நின்றபடியே ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் ஊதியவர். விட்டு நாலு வருடம். வாய் கொஞ்சம் நீளம்.

"முதல் வாரம் கேக்கறது உடம்பு, மாஸ்டர்" என்று அவர் சொல்வார். "அதை எப்படியாவது சமாளிச்சிடலாம். ஒன்பதாவது மாசம் கேக்கறது மூளை. அது வக்கீல் மாதிரி. 'இவ்ளோ நாள் விட்டாச்சே, ஒண்ணே ஒண்ணு குடிச்சா என்ன'ன்னு சட்டம் பேசும். அப்பதான் ஜாக்கிரதையா இருக்கணும்."

மாஸ்டர் ஜாக்கிரதையாகத்தான் இருந்தார். ஒருமுறை ஒரு பேராசிரியர் ரிவர்ஸ் கியர் என்று நினைத்து முன்னால் பாய்ந்து, தபால்பெட்டியைச் சாய்த்துவிட்டார். மாஸ்டரின் கை சட்டைப்பையில் சிகரெட்டைத் தேடியது. ஓரமாகப் போய்ப் போன் செய்தார்.

"அக்கா, தம் அடிக்கணும்போல இருக்கு."

"இருக்கட்டும். இங்க ஒருத்தர் ஹாலுக்குக் கத்திரிப்பூ கலர் வேணும்ங்கறார். அவர் சம்சாரம் மஞ்சள்ங்கறாங்க. ரெண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பிரிச்சுக்கிட்டு நிக்கறாங்க. நான் யார் பேச்சைக் கேக்க?"

"ரெண்டும் வேணாம். வெள்ளை அடிங்க."

"அதான் நானும் சொன்னேன். ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டறாங்க."

இப்படி நாலு நிமிடம். நாலு நிமிடத்தில் அந்த ஆசை, கவனிப்பார் இல்லாத விருந்தாளி மாதிரி எழுந்து போய்விடும். ஒன்பது மாதமும் இப்படி நாலு நாலு நிமிடமாகத்தான் சேர்ந்தது.

மகான் வந்ததிலிருந்து சனிக்கிழமை நாற்காலிகள் காலியாகத் தொடங்கின. முதலில் பல் டாக்டர் வரவில்லை. அடுத்து வங்கிக் கேஷியர். வழியில் பார்த்து மாஸ்டர் கேட்டார்.

"என்ன சார், ஆளையே காணோம்?"

"அங்க வாரா வாரம் வந்து புலம்பணும், மாஸ்டர். மகான்கிட்ட வாயைக் குழாய்ல வெச்சா போதும்" என்றார் கேஷியர். கள்ளநோட்டை விரல் நுனியில் கண்டுபிடிக்கிற மனிதர்!

மாஸ்டரை மகானிடம் இழுத்துப்போனது அவருடைய மச்சான். மனைவியின் தம்பி; செல்போன் கடை வைத்திருப்பவர். அவருக்குச் சிகரெட்டை விடும் எண்ணமே கிடையாது. அங்கேதான் மகானின் மகிமையே இருந்தது.

"மாமா, பேய் இறங்கிடுச்சுன்னா அப்புறம் குடிச்சாலும் ஒண்ணும் ஆகாதாம்! புகை உள்ள போயிட்டு, விசாரிச்சுட்டு, வெளிய வந்துடுமாம்!"

"மாப்ளே, நான்தான் விட்டுட்டேனே. எனக்கு எதுக்கு?"

"விட்டவங்களுக்குத்தான் மாமா ஆபத்து ஜாஸ்தி. மகானே சொல்லியிருக்கார். சும்மா ஒருதரம் ஊதிப் பாருங்க. உள்ள ஒண்ணும் இல்லேன்னா சந்தோஷம்தானே?"

மாஸ்டருக்கும் உள்ளூர ஒரு நப்பாசை. பரீட்சை எழுதி ஒன்பது மாதமாக முடிவு வராமல் காத்திருக்கிற மாணவன் மாதிரி. தண்ணீர் தெளிவாகவே இருந்தால், அன்று சாயங்காலமே சனிக்கிழமைக் கூட்டத்தில் அக்காவிடம் பெருமை அடித்துக்கொள்ளலாமே!

போனார். வரிசையில் இரண்டு மணிநேரம் நின்றார். மச்சான் முதலில் ஊதினார். தண்ணீர் வெளுத்தது. "ஆஹா" என்றது கூட்டம். அடுத்து மாஸ்டர் உட்கார்ந்தார். இருபது வருடமாகத் தெருவெல்லாம் "நிறுத்து, நிறுத்து" என்று கத்திப் பழகிய நெஞ்சு. ஒரே மூச்சில் நீளமாக ஊதினார். தண்ணீர் மங்கியது, கலங்கியது, கடைசியில் சுண்டக் காய்ச்சிய பால்போல ஆகிவிட்டது.

ஹாலே மூச்சை அடக்கியது.

"மாமா, உங்களுது என்னோடதை விட வெள்ளை!" என்று மச்சான் கூவினார். ஏதோ பரிசு கிடைத்தது போல.

மகான் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "விட்டு எத்தனை மாசம்?"

"ஒன்பது, சாமி."

"ஒன்பது மாசமா பட்டினி போட்டிருக்கே. பேய் பசியில இருக்கு. கோபத்துல இருக்கு. நீ விட்டதா நினைச்சுக்கிட்டிருக்கே, அது உள்ள உக்காந்து சிரிச்சுக்கிட்டிருக்கு. யார் பேச்சைக் கேட்டு இப்படிப் பண்ணினே?"

"சனிக்கிழமைல ஒரு கூட்டம்..."

மகான் சீடரைப் பார்த்தார். சீடர் மகானைப் பார்த்தார். இருவரும் பெருமூச்சு விட்டார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் சேர்ந்து விட்டார்கள்.

"உனக்கு ஏழு போதாது, பதினாலு அமர்வு. நாளைக்கு வா."

மாஸ்டர் படியிறங்கி வந்து டிரைவிங் ஸ்கூல் காருக்குள் உட்கார்ந்தார். காலை வெயில் கண்ணாடியில் அடித்தது. நெஞ்சுக்குள் ஏதோ உட்கார்ந்து சிரிப்பது போலவே இருந்தது. ஒன்பது மாதம்! அண்ணன் மகள் கல்யாணத்தில் எல்லாரும் வெளியே போய் ஊதியபோது தான் மட்டும் உள்ளே உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றது, பேராசிரியரின் தபால்பெட்டி, அக்காவின் கத்திரிப்பூ கலர். எல்லாம் வீண். உள்ளே எல்லாம் அப்படியே இருக்கிறதாம். அப்படியானால் இவ்வளவு பாடு எதற்கு?

மூளை என்கிற வக்கீல் எழுந்து, கோட்டைச் சரிசெய்துகொண்டு, வாதாட ஆரம்பித்தது.

முனைக்கடையில் ஒரே ஒரு சிகரெட் வாங்கினார். தீப்பெட்டியும் வாங்கினார். காருக்குள் திரும்பி வந்து, சிகரெட்டை உதட்டில் வைத்தார். ஒன்பது மாதத்துக்குப் பிறகும் உதடு அதை மறக்கவில்லை. பழைய சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இடம் கொடுத்தது. குச்சியை எடுத்தார். அப்போதுதான் சட்டம் ஞாபகம் வந்தது. பற்றவைப்பதற்கு முன் போன்.

"அக்கா..."

குரலைக் கேட்டதுமே அந்தப் பக்கம் பிரஷ் போடும் சத்தம் நின்றது. "எங்க இருக்கீங்க?"

"ஜிம் வாசல்ல. கார்ல."

"பத்த வெச்சாச்சா?"

"இன்னும் இல்ல."

"அங்கேயே இருங்க. அடுத்த தெருவுலதான் வேலை. வரேன்."

ஐந்து நிமிடத்தில் அக்கா சைக்கிளில் வந்து இறங்கினார். முழங்கை வரை சுண்ணாம்பு, ஒரு காதில் மட்டும் நீலம். கார்க் கதவைத் திறந்து, பழகுகிறவர் இருக்கையில் உட்கார்ந்தார். மாஸ்டர் நடந்ததை எல்லாம் சொன்னார். சொல்லி முடிக்கும்போது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அக்கா அந்தச் சிகரெட்டைப் பிடுங்கவில்லை. திட்டவும் இல்லை.

"குடிக்கணும்னா குடிங்க, மாஸ்டர். உங்க வாய். ஆனா அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி."

"கேளுங்க."

"சிகரெட்டையே தொடாத ஆள் யாராவது அந்த டம்ளர்ல ஊதினாங்களா?"

மாஸ்டர் யோசித்தார். "இல்ல."

"ஏன்?"

"அவங்க எதுக்குக்கா வரப்போறாங்க? அவங்களுக்குத்தான் பேயே இல்லையே."

"இல்லேன்னு யாரு ஊதிப் பாத்தது?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். சிகரெட் மடியில் விழுந்தது.

"சரி, இன்னொண்ணு" என்றார் அக்கா. "அந்த டம்ளர் விளிம்புல வெள்ளையா ஏதாவது காஞ்சு ஒட்டியிருந்துச்சா? ஏடு மாதிரி?"

"ஆமா! நான்கூடச் சரியாக் கழுவலைன்னு நினைச்சேன்."

அக்கா தன் முழங்கையைப் பார்த்தார். பிறகு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கார் லேசாக ஆடியது. மாஸ்டரின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு நானும் வரேன். உங்க சம்சாரத்தையும் கூட்டிட்டு வாங்க. மச்சானும் கண்டிப்பா வரணும். அப்புறம், ஒரு சோடா வாங்கிக்குங்க."

"சோடா எதுக்கு?"

"தாகத்துக்கு."

மாஸ்டர் சிகரெட்டை மடியிலிருந்து எடுத்தார். இரண்டாக உடைத்தார். அதுவும் போதாமல் தூள்தூளாகக் கசக்கி, ஜன்னலுக்கு வெளியே உதறினார். கைநகத்தில் கொஞ்சம் வாசனை ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் ஒரு நாலு நிமிடம் அக்கா பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. 'மாபெரும் ஊதல் பெருவிழா' என்று பேனர். ஹால் கொள்ளவில்லை. மகான் பெரிய நாற்காலியில், பக்கத்தில் மேசை, மேசைமேல் துணி போர்த்திய இரண்டு ஜாடிகள். மாஸ்டரின் முறை வந்தது. கூடவே நாலு பேராக மேடையேறியதைப் பார்த்துச் சீடர் முகம் சுளித்தார்.

"இவங்க யாரு?"

"என் சம்சாரம், மச்சான், கூட்டாளி" என்றார் மாஸ்டர். "குடும்பத்தோட பேயை இறக்கிடலாம்னு வந்தோம்."

காணிக்கை நாலாகப் பெருகுவதைக் கண்ட மகானின் கண்கள் முழுதாகத் திறந்தன. "வரட்டும், வரட்டும்."

முதலில் மாஸ்டரின் மனைவி ஊதினார். தண்ணீர் பாலாயிற்று.

"சாமி, நான் பிறந்ததுலேருந்து சிகரெட்டைத் தொட்டதே இல்லையே!"

மகான் அசரவில்லை. "உன் புருஷன் விட்ட புகைம்மா. ஆவியா உனக்குள்ள வந்து உக்காந்திருக்கு."

"அவரை நான் வீட்டுக்குள்ளயே குடிக்க விட்டதில்ல. தெருவுலதான் நிப்பார். மழை பேஞ்சாலும் தெருவுலதான்."

"சாவித் துவாரம் வழியா வந்திருக்கும்" என்றார் சீடர்.

கூட்டம் "ஓகோ" என்று தலையாட்டியது. பலர் மனதுக்குள் தங்கள் வீட்டுச் சாவித் துவாரத்தை நினைத்துக் கவலைப்பட்டார்கள்.

இதற்குள் மாஸ்டர் ஒன்றைக் கவனித்துவிட்டார். எதிரே மட்டும் பார்க்காதே, பக்கக் கண்ணாடியையும் பார் என்று இருபது வருடமாகக் கத்துகிறவர் கண்ணுக்கு அது தப்புமா? பேயைக் காட்டும் டம்ளருக்குச் சீடர் இடப்பக்க ஜாடியிலிருந்து ஊற்றுகிறார். பேய் போன பிறகு தரும் டம்ளருக்கு வலப்பக்க ஜாடியிலிருந்து.

"அடுத்தது என் மச்சான்" என்றார் மாஸ்டர். "ஆனா இவருக்கு அந்த வலதுபக்க ஜாடித் தண்ணி குடுங்க."

"அப்படியெல்லாம் முறை கிடையாது" என்று சீடர் ஜாடியைத் தூக்கப் போனார்.

"நிறுத்து!"

அந்தக் குரலுக்கு ஒரு சரித்திரம் உண்டு. கூட்டத்தில் மாஸ்டரிடம் கார் ஓட்டப் பழகியவர்கள் பத்துப் பதினைந்து பேராவது இருப்பார்கள். அத்தனை பேரின் வலது காலும் ஒரே நேரத்தில் தரையை மிதித்தது. சீடரும் ஆடாமல் நின்றுவிட்டார். அவரும் ஒரு பழைய மாணவர்தான். மூன்று முறை தோற்றவர்.

அதற்குள் மச்சான் தானே ஊற்றிக்கொண்டு ஊதினார். கன்னம் உப்ப, கண் பிதுங்க ஊதினார். தண்ணீர் அசையாமல் தெளிவாக இருந்தது.

"மாமா! எனக்குச் சரியாயிடுச்சு!"

கூட்டம் கைதட்டியது. மகான் சமயம் பார்த்துக் கையை உயர்த்தினார். "என் பார்வை பட்டதுமே பேய் ஓடிப்போச்சு!"

"மாப்ளே" என்றார் மாஸ்டர், "கடைசியா எப்ப குடிச்சே?"

"இப்பதான் மாமா. கீழ படிக்கட்டுல. மேல வரதுக்கு முன்னாடி ரெண்டு."

கைதட்டல் நடுவிலேயே நின்றுபோனது. சிகரெட்டைத் தொட்டதே இல்லாத மாஸ்டர் மனைவிக்குப் பால். இப்போதுதான் இரண்டு ஊதிய அவர் தம்பிக்குப் பளிங்கு. கூட்டம் கணக்குப் போட்டுப் பார்த்தது. விடை வரவில்லை. விடை வருவதற்குள் பெயிண்டர் அக்கா இடப்பக்க ஜாடியிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி மகானிடமே நீட்டினார்.

"சாமி, நீங்க ஊதுங்க."

"நானா?"

"நீங்க பேயே இல்லாத ஆள். தெளிவா இருக்கும். நாங்களும் கண்ணாரப் பாக்கறோம்."

மகான் டம்ளரைப் பார்த்தார். தாடியைத் தடவினார். அனுபவசாலி, சட்டென்று வழி கண்டுபிடித்துவிட்டார். "உங்க எல்லாரோட பேயையும் நான்தானம்மா உள்ள வாங்கி வெச்சிருக்கேன்! நான் ஊதினா வெள்ளையாத்தான் ஆகும்!"

"ஆஹா! எங்களுக்காக!" என்று முன்வரிசையில் கேஷியர் விம்மினார்.

இப்படிப்பட்ட ஆளை எப்படி மடக்குவது? எந்த மனிதர் ஊதினாலும் ஒரு காரணம் வைத்திருக்கிறாரே! அக்காவுக்கு அது தெரியும். அதனால்தான் மனிதர் அல்லாத ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். மாஸ்டரின் பையிலிருந்து சோடாவை எடுத்து, மூடியைத் திறந்து, ஒரே ஒரு மூடி அளவு சோடாவை டம்ளரில் ஊற்றினார்.

தண்ணீர் குப்பென்று வெளுத்தது.

"சாமி" என்றார் அக்கா, "இந்தச் சோடா ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் குடிக்குது?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"சோடா கம்பெனி முதலாளி... அவர் குடிப்பார்..." என்று சீடர் ஈனக்குரலில் சொல்லிப் பார்த்தார். சொன்ன அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அக்கா கூட்டத்தின் பக்கம் திரும்பி, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி விரலை நீட்டினார். "எல்லாரும் பதில் சொல்லுங்க பாப்போம். தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்போல் மாற்றும் வாயு எது?"

அனிச்சையாக, ஒரே குரலில், ஹாலே பதில் சொன்னது. வயதானவர்கள் 'கரியமில வாயு' என்றார்கள். இளைஞர்கள் 'கார்பன் டை ஆக்ஸைடு' என்றார்கள். பெயர் இரண்டு, மதிப்பெண்ணும் இரண்டு.

"நாம வெளிய விடற மூச்சுல என்ன வாயு இருக்கு?"

"கரியமில..." என்று ஆரம்பித்த ஹால் பாதியில் நின்றுவிட்டது.

அந்த அமைதியை நீங்கள் கேட்டிருக்கவேண்டும். நானூறு பேர், நானூறு வாய், அத்தனையும் திறந்தபடி. பல் டாக்டர் வாயும் அதில் ஒன்று. அத்தனை பேரும் இந்தக் கேள்விக்குப் பரீட்சையில் சரியான விடை எழுதித் தேறியவர்கள். விடைத்தாளோடு சேர்த்து விடையையும் வாத்தியாரிடம் கொடுத்துவிட்டு வந்தவர்கள்.

"இது சுண்ணாம்புத் தொட்டியில மேலாகத் தெளிஞ்சு நிக்குமே, அந்தத் தண்ணி" என்றார் அக்கா. "இருபத்தஞ்சு வருஷமா இதுலதான் நான் கை வெச்சுக்கிட்டிருக்கேன். குழந்தை ஊதினாலும் வெளுக்கும், பயில்வான் ஊதினாலும் வெளுக்கும். மூச்சு விடறவங்க யார் ஊதினாலும் வெளுக்கும். அந்த இன்னொரு ஜாடியில இருக்கறது குழாய்த் தண்ணி. அதுல எஞ்சின் புகையையே விட்டாலும் இப்படி வெளுக்காது."

மகான் எழுந்தார். "நம்பிக்கை இல்லாத இடத்துல நான் நிக்கமாட்டேன்" என்று கம்பீரமாகச் சொன்னார். சொன்னபடியே நிற்கவில்லை, பின்பக்கப் படிக்கட்டில் ஓடினார். மருந்துக்கடைக்காரர் துரத்தினார். ஐந்தாவது அமர்வுக்கும் சேர்த்து முன்பணம் கட்டியிருந்த ஆத்திரம் அவருக்கு. பாதிப் படியில் மகானுக்கு மூச்சு வாங்கியது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கீழே உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த இருவர் வந்து அவரை அலாக்காகத் தூக்கி வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் போலீஸ் ஜீப் வந்தது. ஜீப்பில் ஏறியதும் பக்கத்திலிருந்த கான்ஸ்டபிளிடம் மகான் தீப்பெட்டி கேட்டதாக ஒரு பேச்சு. நான் பார்க்கவில்லை. ஆதாரம் இல்லாமல் அதையும் நம்பிவிடாதீர்கள்.

அடுத்த சனிக்கிழமை மரச்சாமான் கடை மாடியில் உட்கார இடமில்லை. பன்னிரண்டு நாற்காலி போதாமல், விற்காத கட்டில்களின் மேலெல்லாம் ஆட்கள். கேஷியர் கதவோரமாக, யார் கண்ணிலும் படாமல் உட்காரப் பார்த்தார். மாஸ்டர் அவர் கையில் டீயைக் கொடுத்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. மச்சானும் வந்திருந்தார்.

"மாமா, காலைலேருந்து ஒண்ணுகூடக் குடிக்கல."

"மணி இப்ப அஞ்சரை. நல்லா இருக்கே. எப்ப எழுந்தே?"

"நாலு மணிக்கு."

"பரவாயில்ல மாப்ளே. ஒன்றரை மணிநேரமும் நேரம்தானே. கை துறுதுறுன்னா எனக்குப் போன் பண்ணு."

மாஸ்டர் எழுந்து நின்று பேசினார். மேடைப் பேச்சு அவருக்குப் பழக்கமில்லை. "போன ஞாயித்துக்கிழமைக்கு முந்தின நாள் நான் சிகரெட்டை வாயில வெச்சுட்டேன். பத்த வெக்கல. பயந்துட்டேன், அதான். உள்ள பேய் இருக்குன்னு ஒருத்தன் சொன்னதும், விட்ட ஒன்பது மாசமும் பொய்னு நம்பிட்டேன். அக்கா வரலைன்னா இன்னைக்கு உங்க முன்னாடி நின்னிருக்க மாட்டேன். எனக்கு இப்பவும் ஆசை வரும். வந்தா போன் பண்ணுவேன். பேசுவேன். போயிடும். நாளைக்கு மறுபடியும் வரும், மறுபடியும் பண்ணுவேன். இதுல இழுக்கறதுக்கும் பிடுங்கறதுக்கும் ஒண்ணும் இல்ல."

எல்லாரும் கைதட்டினார்கள். மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்திலிருந்தவர்களிடம் "தெருவுலதான் நிப்பார்" என்று மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஜன்னலோரக் கட்டிலிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, பயபக்தியோடு கைகூப்பிக்கொண்டு பெயிண்டர் அக்காவிடம் வந்தார்.

"தாயே! அந்தப் போலியை விரட்டினீங்களே, உங்ககிட்டதான் உண்மையான சக்தி இருக்கு. உங்க கையால என் தலையைத் தொட்டு..."

அவருக்குப் பின்னால் மளமளவென்று ஒரு வரிசை சேர்ந்துவிட்டது. முதல் ஆளாகக் கேஷியர்.

அக்கா தன் இரண்டு கைகளையும் பார்த்தார். "தொடறதுக்கு ஒண்ணும் இல்லீங்கய்யா. ஆனா கையில இருக்கறது வெள்ளைச் சுண்ணாம்பு. ஏற்கெனவே உங்களுக்கு நரைச்சிருக்கு, மத்தவங்களுக்குத்தான் கஷ்டம். போய் உக்காருங்க. டீ ஆறுது."

ஒருவர் மட்டும் வரிசையைவிட்டு நகராமல் நின்றார். "அக்கா, அந்தச் சோடா பாட்டிலாவது கிடைக்குமா? பூஜையில வெச்சுக்கறேன்."

என்ன செய்வது, ஐயா! ஊதச் சொன்னால் ஒரே மூச்சில் ஊதுகிறீர்கள். யோசிக்கச் சொன்னால் மட்டும் ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது?